ஊதல் பலகை

பச்சமுத்துவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. கர்ணம் நிலம் அளந்தால் சங்கிலி குட்டை என்பார். டாக்டர் ஊசி போட்டால் உள்ளே வெறும் தண்ணீர் என்பார். ஆனால் ரயிலை மட்டும் நம்பினார். ரயிலுக்கு இந்த ஊரில் பங்காளி கிடையாது.

வாலாஜாபாத் பக்கமிருந்து வரும் காலைப் பாசஞ்சர் ஊரை ஒட்டிய வளைவில் திரும்பும்போது நீளமாக ஊதும். ஏரித் தண்ணீர் முறை அந்த ஊதலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது விடிந்தது முதல் தண்ணீர் பச்சமுத்துவின் கழனிக்கு. ரயில் ஊதியதும், ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டி வேதகிரி வாய்க்காலில் மண்ணை வெட்டிப் போட்டு மடையை மாற்றுவார்; உச்சிப் பொழுது வரை தாயாரம்மாள் கழனிக்குப் பாயும். அப்புறம் ஏரி மதகை இறக்கிவிடுவார்கள். முதலில் ஒரு குச்சி நட்டு நிழல் பார்த்தார்கள். குச்சியை யாரோ சாய்த்துவிட்டதாக அடிதடி ஆயிற்று. அதன் பிறகுதான் ஊர் கூடி ரயிலிடம் போனது. ரயில் ஊதினால் மடையை மாற்று, அவ்வளவுதான் பேச்சு. ஏரிக்கரைக்குக் கீழே நிற்கிற வேதகிரிக்கு ரயில் கண்ணில் தெரியாது, ஊதல் மட்டும்தான் எட்டும். வேதகிரியும் அதற்கு மேல் யோசிக்கிற ஆள் இல்லை.

தாயாரம்மாள் பச்சமுத்துவின் பங்காளி பெண்டாட்டி. புருஷன் செத்து ஆறு வருஷமாக அவளே பயிர் வைக்கிறாள். பாலாற்றுக்கு அக்கரை, உத்திரமேரூரில் பிறந்தவள். கோயில் சுவரில் சட்டத்தை வெட்டி வைத்த ஊர்க்காரியிடம் வாய் கொடுக்கக்கூடாது என்று பச்சமுத்து சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டு வாய் கொடுப்பார்.

அந்த வருஷம் ஏரி சேறு தட்டிவிட்டது. கதிர் பால் பிடிக்கிற நேரம். மூன்று நாள் இடைவெளியில் இன்னும் இரண்டே முறைக்குத்தான் தண்ணீர் வரும் என்று வேதகிரி சொல்லிவிட்டார். இரண்டு முறையும் கிடைக்காத கழனியில் பதரைத்தான் அறுக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் கீமேன் ஐசக்கிடம் பச்சமுத்து பேச்சுக் கொடுத்தார். தினமும் காலையில் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு தண்டவாளத்தை இறுக்கிப் பிடிக்கும் சாவிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே போகிறவன் ஐசக். வளைவுக்கு முன்னால் மஞ்சள் தகரத்தில் கறுப்பாக ஒரு கோணல் எழுத்தோடு பலகை நிற்கிறதே, அது தன் நிலத்தைப் பிடுங்க வைத்த அடையாளமா என்று கேட்டார். ஐசக் சிரித்தான். கைகாட்டி மரம் நில், போ என்று மட்டும் சொல்லும், மிச்சத்தை இந்தச் சின்னப் பலகைகள் சொல்லும் என்றான். மீன் வால் மாதிரி வெட்டின பலகை வந்தால் முன்னால் மெதுவாகப் போக வேண்டிய இடம் இருக்கிறது. முக்கோணப் பலகையில் எத்தனை மைல் வேகம் என்று எழுதியிருக்கும். வட்டப் பலகை வந்தால் பழைய வேகம் பிடிக்கலாம். இது ஊதல் பலகை. வளைவுக்கு அந்தண்டை வண்டிப்பாதை தண்டவாளத்தைத் தாண்டுகிறது, மேடு மறைக்கிறது, அதனால் ஊதச் சொல்கிறது. காஞ்சிபுரம் பக்கமிருந்து வந்தால் பாதை தூரத்திலேயே தெரியும், அதனால் அந்தப் பக்கம் பலகை கிடையாது.

"பலக இல்லன்னா?"

"புது டிரைவருக்கு இன்னா தெரியும், பெரியவரே? அவன் பாட்டுக்குப் போவான்."

இந்த மாசம் காலைப் பாசஞ்சருக்குப் புது டிரைவர்தான் வருகிறார் என்பதையும் ஐசக்கே சொல்லித் தொலைத்தான்.

முறைக்கு முந்தின நாள் சாயங்காலம் பச்சமுத்து கடப்பாரையோடு போனார். திரும்பி வந்தபோது பலகை அவருடைய வைக்கோல் போருக்குள் இருந்தது.

மறுநாள் ரயில் வந்தது, போனது, ஊதவில்லை. தாயாரம்மாள் வாய்க்காலுக்கு ஓடி வந்து ரயில் போய்விட்டது, மடையை மாற்று என்றாள். வேதகிரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். தனக்கு ஊதல் கேட்கவில்லை என்றார். ஊர்க்காரர்கள் நாலு பேர் கூடினார்கள்.

"ஊர்ப் பேச்சு இன்னா? ஊதுனா மாத்து. ஊதுச்சா?" என்றார் பச்சமுத்து.

ஊதவில்லைதான். உச்சி வரைக்கும் தண்ணீர் அவர் கழனிக்கே பாய்ந்தது. கழனி குடித்து முடித்து, வரப்பு வழிந்து, மிச்சம் ஓடையில் போய் விழுந்தது. அதையும் அவர் மாற்றிவிடவில்லை.

மத்தியானம் ஐசக் வீட்டுக்கே வந்தான். பலகையைக் காணோம், கூரத்துக் கரும்பு வண்டி ஒன்று மயிரிழையில் தப்பியது என்றான். மூன்று நாளைக்குள் பலகை வராவிட்டால் மேலே சொல்லிவிடுவானாம், அதுவரைக்கும் பாசஞ்சர் நேரத்தில் தானே வண்டிப்பாதையில் கொடியோடு நின்று வண்டிகளை மறிக்கப் போகிறானாம். வண்டிக்காரனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பச்சமுத்து இரண்டு தரம் கேட்டார். ஆனாலும் இரும்பு கிடைத்தால் இந்தக் காலத்தில் யார் விடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த முறை முடிந்த சாயங்காலமே நட்டுவிடலாம் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

தாயாரம்மாளும் சும்மா இருக்கவில்லை. குழியைப் போய்ப் பார்த்தாள். இழுத்துப்போன தடம் யார் வரப்பில் முடிகிறது என்றும் பார்த்தாள். யாரிடமும் ஒன்றும் பேசவில்லை. பச்சமுத்து அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டார்.

கடைசி முறை வந்தது. விடிந்ததும் வேதகிரி பச்சமுத்து பக்கம் மடையைத் திறந்தார். தண்ணீர் மெலிசாகத்தான் வந்தது; மேல் பாத்தி இரண்டு நனைந்திருக்கும். அப்போது காஞ்சிபுரம் பக்கமிருந்து கூட்ஸ் வந்தது. ஒரு நாளும் அங்கே வாய் திறக்காத கூட்ஸ், ஏரியில் கொக்கெல்லாம் எழும்பும்படி நீளமாக ஊதிற்று.

வேதகிரி எழுந்தார். ஒரு பக்கம் வெட்டினார், மறுபக்கம் அடைத்தார்.

பச்சமுத்து வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். அது கூட்ஸ், பாசஞ்சர் இல்லை என்று கத்தினார். தாயாரம்மாள் தன் வரப்பில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னா மாமா, ஊர்ப் பேச்சுல எந்த ரயிலுன்னு கீதா? ஊதுனா மாத்துன்னுதான கீது. நீதான சொன்ன."

"கூட்ஸ் எதுக்கு ஊதப் போவுது? அந்தப் பக்கம் பலகையே..."

பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பலகையா? எந்தப் பலக மாமா?" என்றாள் தாயாரம்மாள். "ஐசக்கு மூணு நாளா ஒரு பலகைய தேடிக்கினு கீறான். உனக்கு எதுனா தெரிஞ்சா சொல்லு."

பச்சமுத்து வைக்கோல் போரை நினைத்தார். பலகை இப்போது அதற்குள் இருக்காது என்று புரிந்தது. இவளை மாட்டிவிட்டால் தானும் மாட்ட வேண்டும். கண்ணெதிரே தண்ணீர் அவள் பாத்திக்குள் சலசலவென்று போய்க்கொண்டிருந்தது. அவருடைய கீழ்ப் பாத்திகள் மூன்று நாளில் வெடிப்பு விட்டுக் கிடந்தன.

கொஞ்ச நேரத்தில் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு ஐசக் வந்தான். ஊதல் பலகை தண்டவாளத்துக்கு மறுபுறம், காஞ்சிபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதாம். யார் வேலை என்று கேட்டான். பச்சமுத்து மண்ணைப் பார்த்தார். தாயாரம்மாள் ஆகாயத்தைப் பார்த்தாள். இருவரும் ஒரே வாயாகப் பேசியது ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான்.

"எனக்கு இன்னாப்பா தெரியும்."

ஐசக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். தெரியாதவர்களே வந்து நடுவதற்குக் கை கொடுக்கட்டும், இல்லாவிட்டால் இன்ஸ்பெக்டரே வந்து ஊரைக் கேட்பார் என்றான். இருவரும் அவன் பின்னால் நடந்தார்கள். பழைய குழியில் பச்சமுத்து கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, தாயாரம்மாள் கல் பொறுக்கிப் போட, ஐசக் இடித்து இறுக்கினான். கம்பம் கோணாமல் நிற்கும் வரை விடக்கூடாது என்று பச்சமுத்துவுக்கு உத்தரவு.

அவர் இன்னும் விடாமல் இருக்கும்போதே பாசஞ்சர் வந்துவிட்டது. டிரைவர் பலகையையும் பார்த்தார், அதைக் கட்டிப்பிடித்திருந்த ஆளையும் பார்த்தார். பலகைக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று இரண்டு ஊதலையும் சேர்த்து, வளைவு முடியும் வரைக்கும் ஊதல் கயிற்றை விடவே இல்லை.

சத்தம் ஏரிக்கரை பக்கம் போய் அடங்கியது. தாயாரம்மாள் கையில் எடுத்த கல்லோடு நின்றாள். பச்சமுத்து கம்பத்தை விட்டார். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வேதகிரி ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் ஓடினார்கள்.

முதலில் போய்ச் சேர்ந்தவள் தாயாரம்மாள். வேதகிரி மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர் திரும்பி பச்சமுத்துவின் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஊதுச்சி, மாத்திட்டேன்" என்றார் வேதகிரி.

அவள் பேசியிருந்த சட்டத்தில் இதற்கு எதிராக ஒரு சொல்லும் இல்லை. கூட்ஸிலிருந்து பாசஞ்சர் வரைக்கும் பாய்ந்ததில் அவள் கழனி முக்கால்வாசி நனைந்திருந்தது என்பதை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு நடந்தாள்.

இதில் என்ன சூது இருக்கிறது என்று பச்சமுத்து நெடுநேரம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை, அதனால் பயம் அதிகமாயிற்று. உச்சியில் மதகு இறங்கும் வரைக்கும் மடையை விட்டு நகரவில்லை. வீட்டிலிருந்து வந்த கூழைக்கூட நின்றபடியே குடித்தார், காதைத் தண்டவாளத்தின் பக்கம் வைத்துக்கொண்டு.