ஸ்காபரோ தவிர்ந்த கனடா

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்கு மரக்கறிக் கடையில் கிடைத்தது. லண்டன் கிங்ஸ்பரியில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது, என் சிநேகிதி கிளறிற்றா, "எங்கட தேனிலவை எழுதுமன்," என்றாள். "ஆனா என்னைப் பாவமாய் எழுதாதையும்."

ஆகவே, 'கணவனை இழந்த கிளறிற்றா, தனிமையில்...'

இல்லை. அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

2.

அறுபதை நெருங்கும் வயதில் அவள் அருள்நேசனைக் கட்டினாள். (அவரும் மனைவியை இழந்தவர். இருவரும் மாதா கோயில் பாடகர் குழு. அவர் சுருதி தவறுவார். இவள் முழங்கையால் இடிப்பாள். காதல் அப்படித்தான் வந்தது.) தேனிலவுக்குக் கனடா என்பதில் சண்டையில்லை. கனடாவில் எங்கே என்பதில்தான்.

எங்கள் ஆட்களுக்குக் கனடா என்றால் சொந்தக்காரர் குவிந்திருக்கும் ஸ்காபரோ. மிச்ச நாடெல்லாம் விமான யன்னலுக்குக் கீழே வெறும் வெள்ளை. கிளறிற்றாவும் பலமுறை போய், கலியாண மண்டபங்களை மட்டும் பார்த்துத் திரும்பியவள்.

"எனக்கு நியூபவுண்லாந்து," என்றாள். "பனிப்பாறை மலைமாதிரிக் கடலில மிதந்து வருமாம்."

"குளிருக்குள்ள இருந்து குளிருக்கே?" என்றார் அருள்நேசன். "கியூபெக் போவம். அங்க பிரெஞ்சுதான். நான் பாரிசில படிச்சது இஞ்ச சும்மா கிடக்குது."

"அப்ப நான் வாய் பேசாமல் நிக்கிறதோ?"

"அதையும் ஒருக்காப் பாப்பமே."

(இங்கே அவள் அழுததாக எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டினேன். "அழேல்லை. தலையணையால அடிச்சனான்," என்று திருத்தினாள்.)

3.

அல்பேர்ட்டாவின் மலைகளா, மானிட்டோபாவின் வெள்ளைக்கரடிகளா? தேநீருக்கு ஒரு மாகாணமாகப் பேசித் தீர்த்தார்கள். கடைசியில் ஒரு சனிக்கிழமை, அருள்நேசன் மழையில் நனைந்தபடி இரண்டு சோடி தடித்த கையுறைகளோடு வந்தார்.

"உம்மட பனிப்பாறையையே பாப்பம். அதோடை பிரெஞ்சு கதைச்சுப் பாக்கிறன்."

இவ்வளவு நல்ல கணவனை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். கிளறிற்றா நம்பினாள். ஈர ஜாக்கெட்டோடு கட்டிப்பிடித்தாள்.

விமான ரிக்கற் போட்டார்கள். ஸ்காபரோவில் இருக்கும் அருள்நேசனின் அக்கா டொலறஸுக்கு மட்டும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் வரவேற்புக்கு மண்டபம் பிடித்துவிடுவார்.

4.

தெரிந்துவிட்டது. கிளறிற்றாவின் மகள் பிறேமினி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். டொலறஸ் வீடியோவில் வந்தார்.

"தம்பி, கனடாவுக்கு வாறாய். எனக்குச் சொல்லேல்லையோ?"

இருவரும் திருடர்களைப் போல நின்றார்கள்.

"இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிறன்," என்றார் டொலறஸ். குரல் தணிந்திருந்தது. "கலியாணவீடு, செத்தவீடு, ஷிப்ட். இந்த நாட்டில ஒண்டையும் நான் பாக்கேல்லை." திரைக்குக் கிட்ட வந்தார். "கிளறிற்றா, நானும் வரட்டோ?"

5.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில், படகில் மூன்று பேர். பனிப்பாறையைக் கண்டு டொலறஸ் சின்னப்பிள்ளை போலக் கத்துகிறார். மற்றதில் கிளறிற்றா, "மச்சாள், இது தேனிலவு! அடுத்த வருசம் உங்களோடை கரடி பாக்க வாறன்," என்கிறாள். இரண்டிலும் எனக்கு ஆசை.

உண்மையில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். "நீரெண்டால் என்ன சொல்லுவீர்?" என்று சிரித்தாள்.

எனக்குத் தெரியவில்லை. திரையில் டொலறஸ் காத்திருக்கிறார். அருள்நேசன் மனைவியின் முகத்தைப் பார்க்கிறார். கிளறிற்றாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைத் திறக்கிறாள். வாசகரே, நீங்கள் சொல்லுங்கள்.