அப்பா விட்டுப்போன துடிப்பு

அண்ணன் அவளுடைய கடைக்குள் நுழைந்தபோது அவள் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அப்பாவின் உடலை எடுக்கும் முன்பே, சொந்தபந்தம் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "இவ கத்தினதுலதான் அப்பா போய்ட்டார்" என்று சொன்னவன் அவன். புருஷனை விட்டு வரப்போகிறேன் என்று அவள் அப்பாவோடு மல்லுக்கு நின்றது உண்மை. பேச்சு முற்றி, அவர் நின்ற இடத்திலேயே சரிந்ததும் உண்மை. அன்றோடு அண்ணன் தங்கை உறவு அறுந்தது. சமீபத்தில் அவனுக்கு மாரடைப்பு வந்து, ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டும் அவள் எட்டிப்பார்க்கவில்லை.

உட்காரச் சொல்வாள் என்று பார்த்துவிட்டு, அவனே ஆரம்பித்தான். அடைப்பைச் சரிசெய்த பிறகும் ஈசிஜி கோணலாகவே வருகிறதாம். அடைப்பு ஒரு பக்கம் இருக்க, இதயத் துடிப்பிலேயே பரம்பரைக் கோளாறு ஒன்று தனியாக இருக்கிறதாம். கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் கட்டாயம் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம்.

"அப்பாவுக்கும் இது இருந்திருக்கலாம்னு டாக்டர் சொல்றார்."

அவள் கட்டரைக் கீழே வைத்தாள். "அப்ப நான் கொல்லல."

"திடீர்னு யாராவது கத்தினாகூட இதயம் நின்னுடலாமாம். கத்தினது நீதானே?"

அவள் வாசலைக் காட்டினாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

ஆனாலும் கல்லூரிக்குப் போகும் மகளை நினைத்துக் கடையைச் சீக்கிரமே மூடினாள். அவளையும் இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். இருவருக்குமே கோளாறு இருந்தது. மாத்திரை எழுதிய டாக்டரிடம், அப்பா எதனால் செத்தார் என்று கேட்டாள். அண்ணன் முகத்தில் விட்டெறிய ஒரு பதில் வேண்டியிருந்தது அவளுக்கு.

"அடைப்பா, துடிப்பான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாதும்மா. ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம்."

வீடு திரும்பியதும் மகள் கைதவறி செல்போனைப் போட்டு உடைத்தாள். கத்த வாயைத் திறந்தவள், மகளின் மார்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அண்ணனுக்கு போன் போட்டாள். அவனுடைய பையன்களுக்குப் பார்த்தாயிற்றா என்று கேட்டாள். பார்க்கலாம், என்ன அவசரம் என்று இழுத்தான் அவன்.

"எனக்கும் இருக்கு, என் பொண்ணுக்கும் இருக்கு. நாளைக்கே கூட்டிட்டுப் போ. உன்மேல பாசம் பொங்கிச் சொல்லல."

சில நாள் கழித்து அண்ணிதான் கூப்பிட்டாள். சின்னவனுக்கு இருக்கிறதாம், பெரியவன் தப்பித்தானாம். பின்னால் அண்ணன் செருமுவது கேட்டது. அவன் போனை வாங்கவில்லை. இவளும் கொடுக்கச் சொல்லவில்லை. சின்னவனுக்கு என்ன மாத்திரை என்று மட்டும் விசாரித்துவிட்டு வைத்தாள்.