கெட்டவனில் இரண்டு ரகம்

மனநல டாக்டரின் அறைக்கு வெளியே வராந்தாவில் வைத்தே வக்கீல் அக்காவுக்குப் பாடம் எடுத்துவிட்டார். இங்கிலீஷில் கெட்டவனிலேயே இரண்டு ரகமாம். தப்பு என்று தெரிந்தே செய்கிறவன் இம்மாரல். தப்பு, சரி என்ற நினைப்பே மனசில் இல்லாதவன் ஏமாரல்.

"உங்க தம்பி முதல் ரகம்னா ஜெயில். ரெண்டாவதுன்னா ஆஸ்பத்திரி. டாக்டரம்மா கேட்டா ரெண்டாவதையே சொல்லுங்க."

"ஆஸ்பத்திரின்னா எப்ப விடுவாங்க?"

"அது அவங்க கையில இருக்கு." வக்கீல் அவசரமாகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

தம்பி வேலை பார்த்த மரக்கிடங்கு எரிந்து சாம்பலாகிவிட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் இவனைச் செருப்பால் அடித்தார். அன்று ராத்திரியே இவன் பற்றவைத்துவிட்டான். பிடிபட்டதிலிருந்து கல்லுளிமங்கன் மாதிரி வாயே திறக்கவில்லை. இவனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த டாக்டர்.

உள்ளே மேசையின் அந்தக் கோடியில் தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு போலீஸ்காரர். இந்தக் கோடியில் அக்காவும் வக்கீலும் உட்கார்ந்தார்கள்.

"தப்புப் பண்ணினா இவர் வருத்தப்படுவாரா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லீங்க. அவனுக்கு நல்லது கெட்டதே உறைக்காது."

தம்பி நிமிர்ந்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். யாரோ வழியில் போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தூக்கி வளர்த்த பிள்ளை.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இதை எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது" என்றார் டாக்டரம்மா.

மேசைக்கு அடியில் வக்கீல் அவள் காலை மிதித்தார். அவள் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டேங்க! அன்னைக்குக் கிடங்கு நாயை அவுத்துட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல கட்டிட்டுத்தான் போய்த் தீ வச்சான். 'இது பாவம்க்கா, பார்த்துக்க'ன்னான். எனக்கு அப்பப் புரியல. செய்யறது பாவம்னு அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சான். ஜெயிலுக்கே அனுப்புங்க. மனசில்லாதவன்னு மட்டும் எழுதாதீங்க."

வக்கீல் ஃபைலைப் பட்டென்று மூடினார். போச்சு, தம்பியை நானே பிடித்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. அவன் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

தம்பி தொண்டையைச் செருமினான். இத்தனை நாள் கழித்து அவன் குரலைக் கேட்டதும் போலீஸ்காரரே ஒரு அடி முன்னால் வந்தார்.

"அது சாப்பிடுதாக்கா?"