முகம் மட்டும் முதலாளி வரைந்தது

ஞாயிறுதோறும் புவெனஸ் ஐரிஸின் ரிவதாவியா பூங்காவில் பழைய சித்திரக்கதைப் பத்திரிகைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வரைந்த கோட்டைப் பார்த்தே ஓவியர் யார் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு; அதற்குத் தக்க தலைக்கனமும் உண்டு. "இது எங்கப்பா வரைஞ்சது" என்று யாராவது வந்தாலே எரிச்சல் வரும்.

அன்று வந்தவர் டெல்ஃபினா. கணவர் இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. நைந்த பத்திரிகை ஒன்றை நீட்டினார்.

"தம்பி, இதை என் வீட்டுக்காரர் இலாரியோதான் வரைஞ்சார். அப்பா சும்மா பீத்திக்கிட்டார்னு பசங்க சிரிக்கிறாங்க. சாவு வீட்டுலயே சிரிச்சாங்க, தம்பி."

"கீழ முதலாளி கையெழுத்து இருக்கேம்மா!" என்றான் பக்கத்துக் கடை எவாரிஸ்தோ.

"நீ கொஞ்சம் சும்மா இருடா." அந்தக் காலத்துச் சித்திரக்கூடங்களில் முதலாளி முகங்களை மட்டும் வரைந்து கையெழுத்துப் போட்டுவிடுவார். உடம்பு, குதிரை, மழை எல்லாம் சம்பளத்துக்கு வரைகிறவர்கள் பாடு.

பார்த்தேன். நிழலின் கனத்த கறுப்பு அமெரிக்க நாளிதழ்ச் சித்திரத் தொடர்களைப் பார்த்து வந்தது. துணி மடிப்பு, கப்பலேறி வந்த இத்தாலிக்காரர்களிடம் கற்றது. ஆனால் அந்தக் கூடத்தில் எல்லோரும் இந்த இரண்டையும் பார்த்துத்தான் கை பழகினார்கள். இலாரியோவைத் தனியே பிரிக்க முடியவில்லை.

"சொல்ல முடியலம்மா."

அவர் பத்திரிகையை மூடினார். எனக்கு மனசு கேட்கவில்லை. சுரைக்குடுவையில் மாத்தே என்கிற இலைத் தேநீரை ஊற்றிக் கொடுத்தேன்; ஒரே குடுவைதான் முறைவைத்து எங்கள் எல்லோர் கைக்கும் போகும். வாங்கிய கையில் சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் வெளிப்பக்கம் வளைந்து நின்றது.

"விரல் என்னாச்சு?"

"சின்ன வயசுல ட்ராம் கதவுல மாட்டிக்கிச்சு. மடங்காது."

பத்திரிகையைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினேன். பண்ணைக்காரி மாத்தே நீட்டுகிறாள். சுண்டுவிரல் வெளியே வளைந்திருக்கிறது. சீமாட்டி விசிறி பிடிக்கிறாள், அதே விரல். கொள்ளைக்காரி துப்பாக்கியைத் தூக்குகிறாள், அங்கேயும்.

"முகத்தை விடுங்கம்மா. கையைப் பாருங்க."

வெகுநேரம் பார்த்தார்.

"துப்பாக்கிக்காரிக்குமா? படுபாவி மனுஷன்!" சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. "'நீயும் இதுல இருக்கேடி'ன்னு சொல்லுவார். ஒரு மூஞ்சிகூட என்னை மாதிரி இல்லையேன்னு எத்தனை சண்டை போட்டிருப்பேன்! வரட்டும் பசங்க, இப்ப சிரிக்கட்டும்."

குடுவை அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. தன் முறை தள்ளிப்போனால் கத்துகிற எவாரிஸ்தோ அன்று குடுவையைக் கேட்கவே இல்லை.