இடப்பக்கம் திரும்பாத முசே

1

இந்தக் கதை எனக்கு ஒரு வண்டிச் சவாரியில் கிடைத்தது. 1977-இல் புதுச்சேரி ரயிலடியில் ஒரு குதிரை வண்டியில் ஏறினேன். இடப்பக்கம் திரும்பவேண்டிய முனையில் வண்டி நேராகப் போய், வலப்பக்கமாகவே மூன்று முறை திரும்பி, ஒருவழியாக என் தெருவுக்கு வந்தது. “இதுக்கு இடது பக்கம் ஆவாதுங்க” என்றார் வண்டிக்காரர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

ஒரு ஊரில் ஒரு குதிரை இரு—

(வேண்டாம். முதலில் மனிதர் வரட்டும்.)

2

சின்னக்கண்ணு, பஞ்சாலை வேலை போனபிறகு வண்டி ஓட்ட வந்தவர். குதிரையின் பெயர் முசே, அதாவது துரை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது என்று அவர் மனைவி வசந்தா வைத்த பெயர். (முதல் வரைவில் வசந்தாவை அழவிட்டிருந்தேன். அழுகிற ஆளாகத் தெரியவில்லை. அடித்துவிட்டேன்.)

மாசியிலிருந்து முசே புல்லை மென்று, பாதியில் உருண்டையாகத் துப்ப ஆரம்பித்தது. இடது கடிவாளத்தை இழுத்தால் தலையை உதறியது. சின்னக்கண்ணு திட்டினார், திருஷ்டி கழித்தார், தவிட்டில் வெல்லம் கலந்து கொடுத்தார். விலா எலும்பு தெரிந்ததும் மனசு விட்டுப்போய், சேதராப்பட்டில் செங்கல் சூளை வைத்திருந்த பலராமனிடம் விலை பேசி, அடுத்த மாதம் வந்து ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்.

3

மறுநாள் வசந்தாவே முசேயை மாட்டாஸ்பத்திரிக்குப் பிடித்துக்கொண்டு போனாள். சின்னக்கண்ணு பின்னாலேயே நடந்தார். டாக்டர் சந்திரகலா அதன் நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

“எடதுபக்கக் கடவாப்பல்லு ஓரம் கத்தியாட்டம் இருக்கு. கன்னத்த உள்ளாற கிழிச்சி வச்சிருக்கு. அந்தப் பக்கம் இழுத்தா வலிக்காதா?”

குதிரைக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். தேயாத ஓரம் கூராகிவிடுமாம். வருஷத்துக்கு ஒரு தடவை அராவி விட்டால் போதுமாம். திமிர் என்று திட்டியதையெல்லாம் நினைத்துச் சின்னக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நீளக் காம்பு போட்ட அரம் பல்லில் உரசும் சத்தத்தை எழுதிப் பார்த்தேன். கர்ர்க், கர்— சரியாக வரவில்லை. தேங்காய் துருவுகிற சத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

டாக்டர் அராவும்போது நாக்கைப் பிடித்துக்கொண்டது வசந்தா. சின்னக்கண்ணு குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். “முடிஞ்சிடும்பா, முடிஞ்சிடும்” என்றார். யாருக்குச் சொன்னார் என்று எனக்கும் தெரியாது.

புண் ஆறுகிறவரை கடிவாளம் போடவில்லை. பிறகு பூட்டியபோது முசே முதல் முனையிலேயே இடப்பக்கம் திரும்பியது. சின்னக்கண்ணுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒவ்வொரு முனையிலும் இடப்பக்கமே திருப்பி, ஏற்றிய சவாரியை ஏற்றிய இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

4

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் கொடுத்த வாக்கு நிற்கிறதே.

பலராமன் கயிற்றோடு வந்தார். பல்லை வைத்து வயசு பார்க்கக் குதிரையின் வாயைத் திறந்தார். முசே சமர்த்தாகக் காட்டியது.

“நல்லாத்தான இருக்குது. இத ஏன்யா விக்கற?”

சின்னக்கண்ணுக்கு மூன்று பதில்கள் எழுதினேன். ஒன்றில் பொய் சொன்னார். ஒன்றில் காலில் விழுந்தார். மூன்றாவதில் அவர் பலராமனைப் பார்த்து, “அது வந்துங்க—”

எதுவும் அவர் பேச்சாக இல்லை. நீங்கள் சொல்லிப் பாருங்கள். பலராமன் பொல்லாதவர் இல்லை, கேட்டுக்கொள்வார். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். வசந்தா இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்க்காமல் முசேயை வண்டியில் பூட்டிக்கொண்டிருக்கிறாள். ரயில் வருகிற நேரம்.