பேர் வெட்டிய பிரஷ்

எந்தச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் சிகப்பிக்கு அதில் பேர் வெட்டியாக வேண்டும். மகள் ஜனனிக்குப் பதினாலு வயதுதான் ஆகிறது. அதற்குள் அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்த எவர்சில்வர் தூக்கிலிருந்து கரண்டி வரை அத்தனையிலும் 'ஜனனி' என்று வெட்டி, அறையில் அடுக்கியாகிவிட்டது. அந்தப் பழக்கம்தான் இந்தத் தடவை காலை வாரிவிட்டது.

ஜனனி பல்லுக்குக் கம்பி போட்டு எட்டு மாதம். போன முறை பார்த்தபோது டாக்டர் ஆரிபா முகத்தைச் சுளித்தார். கம்பியைச் சுற்றி அழுக்கு, ஈறெல்லாம் வீக்கம்.

"அடுத்த மாசமும் இப்படியே இருந்தா கம்பியைக் கழட்டிருவேன். ஈறு ஆறுன பிறகு முதல்லேருந்து ஆரம்பிக்கணும்" என்றார்.

கை பிரஷ் நல்லதா, பேட்டரியில் ஓடும் மெஷின் பிரஷ் நல்லதா என்று சிகப்பி கேட்டாள்.

"ரெண்டும் தேய்க்கும். கையால தேய்க்கப் பொறுமை வேணும். உங்க பொண்ணு அவசரக்காரி, மெஷின்தான் தோது."

சிங்கப்பூரில் இருக்கும் சிகப்பியின் அண்ணன் வயிரவன் ஒரே வாரத்தில் மெஷினை அனுப்பிவைத்தார். ஜனனி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் சிகப்பி அதைப் பாத்திரக்கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஆச்சி, இது பிளாஸ்டிக்கு. தாங்காது" என்றார் பேர் வெட்டும் முத்துராமலிங்கம்.

"நாளைக்கு ஹாஸ்டல் கீஸ்டல்னு போனா மாறிப்போகும்ல? சும்மா வெட்டுங்க."

வெட்டினார். 'ஜ'வின் சுழியில் ஊசி ஆழமாக இறங்கியதை இருவருமே கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் போய், மெஷின் ஜனனியின் வாய்க்குள்ளேயே முனகி நின்றுவிட்டது.

"பல்லு விளக்குற பிரஷ்ல யாராச்சும் பேர் வெட்டுவாகளா?" என்று ஜனனி கத்தினாள். "எட்டு மாசமா வாயைத் தொறந்து சிரிக்கக்கூட இல்ல. எல்லாம் வீணாப் போச்சு, உங்களாலதான்!"

சிகப்பி மெஷினைத் துடைத்து, 'ஜ'வில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். தப்பு தன்னுடையது; யார் மேலும் போட வழியில்லை. அன்று ராத்திரியிலிருந்து இரண்டு வேளையும் வாஷ்பேசின் பக்கத்தில், நேரம் பார்க்கச் செல்போனும் கையுமாக நின்றாள். கம்பிக்கு மேலே சாய்த்து, கீழே சாய்த்து, ஒவ்வொரு பல்லாகக் கை பிரஷ்ஷால் ரெண்டு நிமிஷம். முடியும்வரை நகரமாட்டாள். ஜனனி ஒரு வாரம் முறைத்துக்கொண்டே தேய்த்தாள். பிறகு, "நேரம் ஆச்சா?" என்று கேட்கும் அளவுக்கு இறங்கி வந்தாள்.

மாதம் முடிந்தது. டாக்டர் ஒரு மாத்திரையைக் கொடுத்து மென்று துப்பச் சொன்னார். அழுக்கு இருக்கும் இடமெல்லாம் அது சிவப்பாகக் காட்டுமாம். ஜனனி வாயைத் திறந்ததும் சிகப்பி கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடைவாயில ஒரு பொட்டு. மத்தபடி சுத்தம். கம்பி இருக்கட்டும்" என்றார் டாக்டர். "மெஷின் நல்லா வேலை செய்யுது போல?"

சிகப்பி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மெஷின் இல்ல டாக்டர், கை பிரஷ்தான்" என்றாள் ஜனனி. "அம்மா பக்கத்துல நிப்பாக."

திரும்பும் வழியில் ஜனனி கடையில் இரண்டு கை பிரஷ் வாங்கி, அம்மாவிடம் நீட்டினாள்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. ரெண்டும் ஒரே கலரு, மாறிப்போகும். பேர் வெட்டிக் குடுங்க."

சொல்லிவிட்டு, கம்பியெல்லாம் தெரிய நடுத்தெருவில் நின்று சிரித்தாள்.