நாலாவது நட்டு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு திருட்டால். திருடியவள் பக்கத்து வீட்டு நாம்பூசி. என் சமையலறையில் நடந்ததை எடுத்துக்கொண்டுபோய் நியெண்டோ சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொல்லும் கதையில் நான் அழுகிறேன். நான் அழவில்லை, அது புகை. அதைத் திருத்தத்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், முப்பது வருஷம் லாரி ஓட்டியவன். நீங்கள் என்னை நம்பவேண்டும் என்பதில்லை. நானும் உங்களை நம்பி எழுதவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மசாகா என்ற ஊரில் முகலாசி என்றொரு நல்ல மனிதர் இருந்தார். மாமியாரைத் தன் தாயைப் போலவே அவர்…"

[நிறுத்திவிட்டேன். முகலாசி என்று யாரும் இல்லை. அது நான்தான், டிரைவர் செம்வேசி. நல்ல மனிதர் என்பதும் இட்டுக்கட்டியது.]

2

என் மனைவி தெயோபிஸ்தா, மகளின் பிரசவத்துக்காக ஜிஞ்சா போனாள். போவதற்கு முதல் நாள்தான் அவளுடைய அம்மாவுக்கு இங்கே மூன்று பற்களைப் பிடுங்கியிருந்தார்கள். எங்கள் வழக்கப்படி மருமகன் கூரையின் கீழ் மாமியார் படுக்கக்கூடாது, மருமகன் முகத்தில் விழிக்கவும் கூடாது. அதனால் கொல்லையில் தனியாக இருக்கும் அறையில் படுக்கை. முப்பத்தொரு வருஷமாக நானும் அவரும் முகம் பார்த்ததில்லை. அவர் பாதையில் வந்தால் நான் வாழைத்தோப்புக்குள் இறங்கிவிடுவேன்.*

சமையல் நாம்பூசியின் பொறுப்பு. அவள் கரி விற்பவள், அடுப்புக்குக் கரி போடுவதில் கஞ்சத்தனம் தெரியாதவள். வேர்க்கடலைக் குழம்பை அடுப்பில் ஏற்றிவிட்டு வேலியோரம் பேசப் போய்விடுவாள். குழம்பு அடிப்பிடிக்கும். கிண்ணம் போனபடியே திரும்பி வரும். மூன்று நாள் சர்க்கரைத் தண்ணீர்தான். தெயோபிஸ்தா போனில் கேட்டாள்: "அம்மா சாப்ட்டாளா?" சாப்பிட்டார் என்றேன்.

நாலாம் நாள் காலையில் கொல்லை அறையிலிருந்து குரல் கேட்டது. "நாம்பூசி, என் துணிமூட்டைய எடு. கருகுனதத் திங்கறதுக்கு என் வீட்டுல போய்ப் பட்டினி கெடக்கேன். பஸ் எங்க நிக்கும்?"

மூன்று நாள் பட்டினியோடு அவர் பஸ் நிற்கும் இடம்வரைகூடப் போகமாட்டார். வழியில் விழுந்தால் நான் தெயோபிஸ்தாவிடம் சொன்ன பொய்யும் சேர்ந்து விழும்.

* மாமியாரைத் தொட்டால் கை நடுங்கும் நோய் வரும் என்பார்கள். நான் டிரைவர். என் கையை வைத்துப் பரீட்சை பார்க்க எனக்கு விருப்பமில்லை.

3

நானே சமைத்தேன். அதுவும் அவருக்குத் தெரியக்கூடாது. மருமகன் சமைத்தது என்று தெரிந்தால் கிண்ணம் என் தலைக்கு வரும்.

முதலில் பாலில் முட்டையை அடித்துக் காய்ச்சினேன். நாம்பூசி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "டிரைவரே, அந்தக் காலத்துப் பொம்பளைங்களுக்கு முட்டை விலக்காச்சே, தொடுவாங்களா? ஒங்களுக்குக் கல்யாணம் ஆயிருக்கா இல்லையா?"

முட்டையை நான் தின்றேன்.

பிறகு வேர்க்கடலை. அதற்கு நேரடி நெருப்பு ஆகாது என்பது மட்டும் புரிந்தது. ரேடியேட்டரை நினைத்தேன். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டால் எஞ்சின் பிழைக்கும். பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கடலை விழுது கரைத்த சின்னப் பாத்திரத்தை உள்ளே இறக்கினேன். அது படகு மாதிரி ஆடியது, சாய்ந்தது, தண்ணீரைக் குடித்தது. முதல் குழம்பு நாசம்.

டிக்கியில்…

[லாரிக்கு ஏது டிக்கி? அடித்துவிட்டேன். கட்டிலுக்கடியில்.]

கட்டிலுக்கடியில் பழைய சக்கர நட்டுகள் நாலு கிடந்தன. சாம்பலும் சோப்பும் போட்டு மூன்று தடவை கழுவினேன். இதை நாம்பூசி சந்தையில் சொல்வதில்லை. மூன்றைப் பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, தண்ணீரைக் குறைத்து, சின்னதை அவற்றின்மேல் நிறுத்தினேன். அசையாமல் நின்றது. நாலாவது நட்டு மிச்சம். எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் போட்டேன். தண்ணீர் கொதித்ததும் அது கடகடவென்று ஆடத் தொடங்கியது. தண்ணீர் வற்றியதும் அடங்கிப்போனது. ஊற்றினேன், மறுபடி ஆடியது. பாத்திரத்தைத் தூக்கிப் பார்க்கும் வேலை மிச்சம்.

குழம்பு கொதிக்கவே இல்லை. மெதுவாக நிறம் மாறி, ஓரத்தில் எண்ணெய் கசிந்தது. நாம்பூசி தான் செய்ததாகச் சொல்லிக் கொண்டுபோனாள்.

"அடுப்படியில என்னடி சத்தம், கடகடன்னு?"

"எலிம்மா. தகரத்துல ஓடுது."

"எலியா. நல்லா ஓடட்டும்."

கிண்ணம் வழித்துத் துடைத்தாற்போல வந்தது.

4

இந்த இடத்தில் மாமியாரை வர்ணிக்கவேண்டும் என்கிறார்கள். "வெள்ளை முடி, கருணை ததும்பும் கண்" என்று எழுதிவிட்டு அடித்தேன். நான் பார்த்ததில்லை. குரல் மட்டும்தான் தெரியும். அதில் கருணை ததும்பவில்லை.

5

மறுநாளும் நட்டு ஆடிக்கொண்டிருந்தது. நாம்பூசி வேலியோரம் வந்து நின்று, "கொழம்பு நல்லா வந்ததுக்குக் காரணம் என் கரிதான்" என்றாள். இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? வெளியே போனேன்.

"ஒன் கரிதான் மூணு நாளு கருக்குச்சு!"

"கரியப் பேசாதீங்க டிரைவரே! கரி என்ன பண்ணும்?"

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொல்லை அறையிலிருந்து ஒரு கூச்சல்:

"அந்த எலிக்கு என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்! வேலியில நின்னு கத்துனது போதும், யாராவது போய்த் தண்ணி ஊத்துங்க!"

ஓடினேன். பெரிய பாத்திரம் காய்ந்து நீலம் பூத்திருந்தது. குழம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் ஊற்றினேன், குபுக்கென்று ஆவியும் புகையும் முகத்தில் அடித்தது. (இந்தப் புகைதான்.) கொஞ்ச நேரத்தில் நட்டு ஆடியது.

"ம்" என்றது கொல்லை அறை.

6

இப்போது முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: அவருக்கு முதல் நாளே தெரியும்.

இரண்டு: நாம்பூசி உளறிவிட்டாள். இதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

மூன்று: அவர் எலி என்றே நம்பினார். எலிக்கு எதற்குத் தண்ணீர் என்று கேட்காதீர்கள். இதை நான் நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன்.

எது என்று அவரிடம் கேட்க முடியாது. அதனால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். சனிக்கிழமை தெயோபிஸ்தா திரும்பினாள். ஞாயிறன்று மாமியார் தன் காலால் நடந்து பஸ்ஸுக்குப் புறப்பட்டார். நான் வழக்கம்போல வாழைத்தோப்பில். பாதையில் காலடிகள் நின்றன. தோப்பைப் பார்த்துத்தான் பேசியிருக்கவேண்டும், அவ்வளவு சத்தம்.

"தெயோபிஸ்தா, ஒன் வீட்டு எலிக்கு விஷம் கிஷம் வச்சிராத. நல்ல எலி. உப்புதான் கொஞ்சம் கம்மி."

அன்று முழுக்கத் தெயோபிஸ்தா கேட்டுக்கொண்டிருந்தாள்: "எந்த எலி?"

நான் சொன்ன பதிலை இங்கே எழுதி, அடித்து, மறுபடி எழுதி…

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் தோப்புக்குள் நின்று அழுததாக மட்டும் எழுதாதீர்கள். அதுவும் புகைதான்.

வாழைத்தோப்பில் ஏது புகை என்று நாம்பூசி கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. அடுப்பில் நட்டுச் சத்தத்தைக் காணோம்.